ஆடிட் முடியும் வரை

பூட்டிக் கிடந்த மாடி அறைக்குள் ஆள் படுத்து எழுந்த சூடு இருந்தது. போன ஆடிட்டுக்குப் பிறகு இந்தப் பக்கமே யாரும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் சூப்பர்வைசர் கதவைத் திறந்தார். ஆனாலும் உள்ளே கால் வைத்ததும் வியர்வையும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு கதகதப்பு அவள் முகத்தில் வந்து படிந்தது. அதைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை. மூன்று நாளாக இரட்டை ஷிப்ட். நின்றபடியே சட்டைகளில் பிசிறு வெட்டி, கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"மூச்சு விடுற சத்தம்கூட வரக்கூடாது. அவங்க போனதும் நானே வந்து திறக்கிறேன்."

பதிவேட்டில் பெயர் இல்லாத ஏழு பெண்கள் உள்ளே போனார்கள். வெளியே பூட்டு விழுந்தது. ஜன்னல் இல்லை. கதவிடுக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். அவள் துணி பண்டல்களில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"ஆடிட்காரங்க தினமும் வந்தா தேவலை அண்ணி. உக்காரவாச்சும் முடியுது" என்றாள் நாத்தனார். சூப்பர்வைசரிடம் கெஞ்சி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள். சொல்லி முடிப்பதற்குள் அவள் தோளிலேயே தூங்கிப்போனாள்.

கீழே மெஷின்கள் என்றைக்கும் இல்லாத நிதானத்தில் ஓடின. பூட்ஸ் சத்தம். யாரோ பணிவாகச் சிரித்தார்கள். சாப்பாட்டு மணி அதிசயமாக நேரத்துக்கு அடித்தது; மெஷின்கள் நின்றன. அந்த அமைதியில்தான், பஞ்சு அடைத்த நெஞ்சிலிருந்து வருவதுபோல் கரகரவென்று ஒரு மூச்சு கேட்டது.

"போயிட்டாங்களா?"

"இல்லம்மா. தூங்கு."

பதில் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நாத்தனார் வாய் திறக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் கதவோரம், வெளிச்சக் கோட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தார்கள். குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பண்டல்களுக்கு அடியிலிருந்து.

"எப்ப திறப்பாங்க?"

"இப்ப... கொஞ்ச நேரத்துல."

"போன ஆடிட் அன்னைக்கும் அப்படித்தான் சொன்னாரு."

கத்த வேண்டும். கத்தினால் கீழே கேட்கும். கேட்டால் ஏழு பேருக்கும் நாளைக்கு வேலை இல்லை. புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பின்னால் ஒரு பண்டல் நகர்ந்தது. இன்னொன்று.

பூட்டு திறந்தது.

"போயிட்டாங்க. சீக்கிரம், சீக்கிரம்! வரிசையா வாங்க."

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. எல்லோரும் எழுந்தார்கள். அவளுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. பண்டலைப் பிடித்து எழப் பார்த்தாள். தூக்கக் கலக்கத்தில் நாத்தனார் திரும்பாமலே பின்னால் கையை நீட்டினாள். "வாங்க அண்ணி."

அவள் கை எட்டுவதற்குள் வேறொரு கை நாத்தனாரின் கையைப் பற்றியது.

"...ஆறு, ஏழு. சரி."

கதவு மூடியது. பூட்டு.

அவள் கத்தினாள். அதே நேரம் கீழே எல்லா மெஷின்களும் முழு வேகத்தில் கிளம்பின. கதவை அடித்தாள். அடித்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. இடுக்கில் கண்ணை வைத்தாள்.

படியில் நாத்தனார் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தாள். கொட்டாவி விட்டபடி, பக்கத்தில் வருகிறவளின் தலையில் படிந்திருந்த பஞ்சைப் பரிவோடு தட்டினாள். பஞ்சோடு கொத்தாக முடியும் தோலும் விரலில் வந்தன. நாத்தனார் அதைப் பார்க்கவில்லை. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.