ரா கோப்பு கேட்ட சம்பந்தம்

செவ்வாய்க் குடியேற்றத்தில் பெண் பார்க்க யாரும் நேரில் வருவதில்லை. வந்து சேர மாதக்கணக்கில் ஆகும்; முகம் மட்டும்தான் போய்வரும். அங்கேயே பிறந்தவளுக்குச் செவ்வாய் தோஷம் பார்ப்பதையும் விட்டாயிற்று. மற்றதெல்லாம் பழையபடிதான்.

பிராணவாயு ஆலையில் வேலை பார்க்கும் பூங்கோதையின் படம் நிலவில் இருக்கும் மாப்பிள்ளைப் பையன் கதிரவேலின் வீட்டுக்குப் போயிருந்தது. தரகு இயந்திரமான பொருத்தன் பதிலோடு வந்து நின்றது.

"பையனோட அம்மா ஜேபெக் படம் வேண்டாங்கிறாங்க. ரா கோப்பு கேக்கிறாங்க."

"ஏன், என் பொண்ணு என்ன போலிச் சரக்கா?" என்று கத்தினாள் தாய் தவமணி.

"ஜேபெக்ல எல்லாப் பொண்ணும் ஒரே நிறமா இருக்காம்மா."

அதில் பொய்யில்லை. ஜேபெக், கேமராவே ஆக்கிப் பரிமாறும் சோறு. நிறத்தை ஏற்றி, தழும்பை மழுப்பி, மிச்ச விவரத்தைக் கொட்டிவிடும். ரா கோப்பு வெறும் அரிசி. கேமரா வாங்கிய வெளிச்சம் அத்தனையும் அப்படியே இருக்கும். பிறகு யாராவது ஆக்கவேண்டும்.

சில வாரங்களாகக் குரல் செய்தியில் வந்த கதிரவேலின் பேச்சு பூங்கோதைக்குப் பிடித்துப் போயிருந்தது. அதனாலேயே இன்னும் எரிந்தது.

"அனுப்பு பொருத்தா. கன்னத்துத் தீத்தழும்போட பாக்கட்டும். அவரோட ராவும் இங்க வரணும். நாங்க மட்டும் இளிச்சவாயங்களா?"

மறுநாள் பதில் வந்தது. "முழுச் சம்மதமாம். உண்மைப் படத்துல பொண்ணு இன்னும் லட்சணமா இருக்காம்."

கூடவே அவர்கள் பார்த்த படமும் வந்தது. ஜேபெக்கில் இருந்ததைவிட வெளுப்பான ஒருத்தி. தழும்பைக் காணோம்.

"இது யாரு?"

"நீங்கதான். சம்பந்தியம்மா தன் கையாலயே ஆக்கினாங்க. ரா இல்லையா, எவ்வளவு ஏத்தினாலும் தாங்கும்."

"உண்மையைச் சண்டை போட்டு வாங்கி, அதுக்கும் பவுடர் பூசினாங்களா? இந்த வீடு எனக்கு வேண்டாம்!"

"அவரோட ராவும் வந்திருக்கு. பாக்காமலேயா?"

திறந்தாள். ஆக்காத படம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நெற்றி ஏறி, கண்ணுக்குக் கீழே கறுத்த ஒருவன் அதில் சிரித்தான். ஓரத்தில் வெளிச்சம், நிறம், மென்மை என, இழுத்துக் கூட்டிக் குறைக்கும் மூன்று நகர்த்திகள் மினுங்கின.

தவமணி எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். "என்னடி, வேண்டாம்னே சொல்லிடவா?"

"இரும்மா, அவசரப்படாத." பூங்கோதையின் விரல் ஏற்கெனவே நகர்த்தியில் இருந்தது. "அங்க லைட்டு சரியில்ல, அவ்வளவுதான்... இன்னும் கொஞ்சம்... இந்தா பாரு. இதுதாம்மா அவரோட நிஜ நிறம்."