அறுபடாத சுரம்

மாலை வெளிச்சம் முழுவதும் வடிந்துவிடாத வேளையில் நானும் என் மைத்துனியும் பாட்டுப் பள்ளியை அடைந்தோம். முன்னொரு காலத்தில் துணி ஆலையின் கிடங்காக இருந்த நீண்ட கூடம் அது. கதவைத் திறந்தால் ஈரச் சுண்ணாம்பின் வாடை முகத்தில் மோதும். அக்கம்பக்கத்தார் எவராயினும், எவ்வயதினராயினும், அங்கே கூடிப் பாடக் கற்கலாம்.

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். ஆகவே அங்கு எனக்கு 'லிஃப்ட் அண்ணன்' என்று பெயர்.

"வாங்கண்ணே, இன்னைக்காவது மேல ஏறுவீங்களா, இல்ல வழக்கம்போல நடுவுல நின்னுடுவீங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர். கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மறுநாள் எங்கள் அரங்கேற்றம். என் மனைவி வருவதாக இசைந்திருந்தாள். மணமான நாள்முதல் நான் பாடத் தொடங்கியதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்துபவள் அவள். அவள் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்ற சொல் ஒருமுறையேனும் உதிர வேண்டும். அதற்காகவே இத்தனை மாதங்களாக எல்லோருடைய கேலியையும் பொறுத்துவந்தேன்.

எங்கள் பாட்டு ஒரே சுரத்தின் நீண்ட இழுப்பில் முடியும். ஒருவர் மூச்சு அவ்வளவு நேரம் தாங்காது. ஆகையால் இடக்கோடியில் தொடங்கி ஒருவர்பின் ஒருவராக மூச்சு வாங்குவோம். வாங்கி முடித்தவர் தம் வலப்புறத்தாரின் முழங்கையைத் தொடுவார்; தொடப்பட்டவர் அடுத்து வாங்குவார். கேட்பவர்க்கு ஒலி அறுபடாது. நான் வலக்கோடி ஆள்; எனக்கு இடப்புறம் மைத்துனி. எனக்கு அப்பால் சுவர் மட்டுமே. என் முறை வருமுன்பே எனக்கு மூச்சு முட்டிவிடும். ஒலியின் வலப்பக்கம் ஒரு குழி விழும்.

அன்றும் விழுந்தது.

"லிஃப்ட் அண்ணே," என்றார் பாட்டு டீச்சர், களைத்த குரலில். "இன்னொரு தடவை குழி விழுந்துச்சுன்னா, நாளைக்கு நீங்க மேடையில வேணாம். கீழ உட்கார்ந்து கேளுங்க."

என் காதுகள் சுட்டன. மீண்டும் பாடினோம். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பாழாய்ப்போன நெஞ்சு மீண்டும் கைவிட்டது. வாயை மூடினேன்.

குழி விழவில்லை.

"அப்பாடா! இதத்தானேண்ணே இத்தனை நாளா கேட்டேன்!" என்று டீச்சர் கைதட்டினார். மருந்துக்கடைக்காரர்கூடத் தலையாட்டினார்.

"நான் பாடல," என்று மைத்துனியின் காதில் முணுமுணுத்தேன்.

"சும்மா இருங்க அத்தான். பாராட்டினா வாங்கி வச்சுக்க வேண்டியதுதானே?"

எனக்கு அச்சத்தைவிட ஆத்திரமே முந்திக்கொண்டது. வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் அடுத்தவருடையது! மூன்றாம் முறை தொடங்கியபோது வேண்டுமென்றே என் உதடுகளை இறுக மூடிக்கொண்டேன்.

சுரம் என் வலப்புறத்திலிருந்து வந்தது.

எனக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நிற்க இடமில்லை. எனினும் அக்குரல் அங்கேதான் இருந்தது. சுத்தமான, மெலிந்த குரல். ஈரச் சுண்ணாம்பின் வாடை என் கழுத்தருகே கனத்தது.

மைத்துனி திரும்பினாள். மூடிய என் வாயைக் கண்டாள். அவள் பாட்டு நின்றது. அவளைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் நிறுத்தினார். வரிசை முழுவதும் ஒவ்வொருவராக அடங்கியது. டீச்சரின் உயர்ந்த கை மெல்லத் தாழ்ந்தது.

சுரம் மட்டும் அடங்கவில்லை.

மைத்துனியின் விரல்கள் என் முழங்கையைப் பற்றின. அவள் பற்றியது அச்சத்தால். என் உடலோ பழக்கத்தால் மூச்சை உள்ளிழுத்தது. வரிசையின் முறைப்படி என் கையும் வலப்புறம் நீண்டது. கடைசி ஆள் எவரையும் தொட வேண்டியதில்லை என்பதை மறந்தேன்.

சுவர் என் விரலில் படவில்லை.

ஒரு முழங்கை பட்டது. எலும்பும் ஈரமுமாக.

சுரம் நின்றது.

பிறகு, என் காதருகே, வறண்ட தொண்டையில் காற்று ஏறும் ஓசை கேட்டது. அது மூச்சு வாங்கியது. நெடுநேரம் வாங்கியது.

அந்த இடைவெளியில் நாங்கள் அனைவரும் பாடினோம்.

எவரும் சொல்லவில்லை. எவரும் விரும்பவுமில்லை. கண்ணீர் வழிய, கற்ற முறை வழுவாமல் அதன் குழியை நாங்கள் நிரப்பினோம். அது மீண்டும் சேர்ந்துகொண்ட பிறகுதான் எங்கள் கால்களுக்கு ஓடும் உணர்வு வந்தது.

அரங்கேற்றம் நடக்கவில்லை. கூடத்தைப் பூட்டிய டீச்சர் அப்பக்கம் மீண்டும் செல்லவில்லை.

"மேடையேறப் போறேன்னு அந்தக் குதி குதிச்சீங்களே, என்னாச்சு?" என்றாள் மனைவி, மறுநாள் காலையில், எனக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் துலக்கியபடி. "அங்கயும் கதவைச் சாத்திட்டாங்களா?"

எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறை வாசலில் நின்று, அவளுக்குக் காட்டிவிடும் வீம்பில் அந்தச் சுரத்தைப் பிடித்தேன். பாதியில் மூச்சு முட்டியது. வெட்கத்துடன் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் குழாயை நிறுத்தினாள். ஈரக்கையுடன் அசையாமல் நின்றாள்.

"நிறுத்தாதீங்க," என்றாள் மெதுவாக. "நல்லா இருக்கு."

கண்களை மூடி அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.