குவிமாடத்தின் எதிரொலி

செவ்வாய்க் கோளின் ஆறாம் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன் பள்ளிவாசலின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துக் கதவைத் திறந்துவிடுவது பொறியாளர் ராபியாவின் வேலை. பூமியில் ஒரு மலையூரில் துருக்கிய உதுமானியர் ஆட்சியில் எழும்பிய பள்ளியின் நகல் அது. ஒல்லியான மினாராவையும், வெளிச்சுவரில் குருவிகள் குடியிருக்கச் செதுக்கிய குட்டி மாளிகைகளையும் எந்திரர்கள் என்ற இயந்திர மனிதர்கள் இம்மி பிசகாமல் வார்த்திருந்தார்கள். குவிமாடத்தின் எதிரொலி மட்டும் சரிவரவில்லை. அதைப் பதிவுசெய்து வர ராபியா பூமிக்குப் போனாள்.

மூலப் பள்ளியைப் பார்த்ததும் அவள் முகம் தொங்கிப்போயிற்று. கூரையின் ஈயத் தகடுகள் பெயர்ந்து, மழைநீர் இறங்கி, நீல ஓவியங்களில் பாசி பிடித்திருந்தது. பக்கத்தில் ரொட்டிக்கடை நடத்தும் ஃபாத்திமே சாவியோடு வந்தாள். அவள் பேசியதை ராபியாவின் செவிப்பொறி, ராபியாவின் முன்னோர் பேசிய காயல்பட்டினத் தமிழாக்கி, அக்காவை லாத்தாவாக்கிக் காதில் சொன்னது.

"நெறைய பேர் வந்தாங்க லாத்தா. எல்லாரும் அளந்துட்டுப் போயிட்டாங்க. ஒரு ஓட்டைய அடைக்க ஆள் வரல."

முதலில் அளக்க வந்த குழுவை அனுப்பியவள் ராபியாதான்.

அன்று ஃபாத்திமேயின் கணவர் முன்னின்று ஓத, அக்கம்பக்கத்தார் நனையாத மூலையில் தொழுதார்கள். பெண்கள் வரிசையில் ராபியாவும் நின்றாள். ஓதும் குரல் மேலே போய் உருண்டு, குருவிச் சத்தத்தோடு கலந்து இறங்கியது. அவள் பதிவுக்கருவியை எடுக்கவே இல்லை. நகலுக்குக் கொட்டியதில் பாதியையாவது மூலத்துக்குச் செலவிடும்படி குடியிருப்பு மன்றத்திடம் மன்றாடினாள். மன்றமும் வெட்கப்பட்டு எந்திரர்களை அனுப்பியது.

ஒரே ஆண்டில் பள்ளி புத்தம்புதிதாய் நின்றது. மனித மூச்சின் ஈரம் ஓவியத்தை அரிக்கும் என்று கட்டடம் முழுவதையும் கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்தார்கள். குருவிகள் அண்டாதபடி வலை போட்டார்கள். திறப்பு நாளுக்கு ராபியாவும் வந்திருந்தாள். வெளியூர்க் கூட்டம் பள்ளிக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தது.

பூட்டிய வாசலில் ஃபாத்திமே காவல் எந்திரரிடம் தணிந்த குரலில் கேட்டாள்: "அப்ப நாங்க எங்கதான் தொழுறது?"

"இதே பள்ளியின் நகல் செவ்வாயில் இருக்கிறது, அம்மா. அங்கே தொழுகைக்கு அனுமதி உண்டு" என்றார் எந்திரர், மிகுந்த மரியாதையோடு.

ஃபாத்திமே ராபியாவைத் திரும்பிப் பார்த்தாள். கணவரோடு தெருவோரம் பாய் விரிக்கப் போனாள்.

உள்ளே செல்ல உரிமை தரும் பட்டை ராபியாவின் கழுத்தில் தொங்கியது. அதை முக்காட்டுக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.