மிதந்து வந்த துணுக்கு

அந்த முதியவரின் பெருங்குடல் துண்டு ஸ்லைடின் நடுவில் ஒழுங்காகத்தான் படுத்திருந்தது. டாக்டர் லியென் பெய்யூவுக்குப் பிடிக்காமல் போனது அதற்குச் சற்றுத் தள்ளி, கண்ணாடியின் ஓரத்தில், யாரும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்திருந்த ஒரு துணுக்கு. எள்ளில் பாதிகூட இருக்காது. நுண்ணோக்கியின் பெரிய கண்ணைத் திருப்பிப் பார்த்தாள். வயிற்றுப் புற்றில் ஒரு வகை உண்டு. செல்லுக்குள் சளி நிரம்பி, உள்ளே இருக்கும் கருவை ஓரமாகத் தள்ளிவிடும், பார்த்தால் முத்திரை மோதிரம் போலிருக்கும். மோதிர செல் என்றே அதற்குப் பெயர். துணுக்கில் அவை கொத்தாக நின்றன. குடலில் இவற்றுக்கு என்ன வேலை?

"ஆஜு! தொட்டியைச் சுத்தம் பண்ணலையா நீ?"

அடுத்த அறையில் மெழுகுக் கட்டைகளைச் சீவிக்கொண்டிருந்த ஆஜு, சீவும் மெஷினின் சக்கரத்தை நிறுத்தாமலே பதில் சொன்னாள். சவ்வு போல் சீவிய மெழுகை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடியில் ஏந்தி எடுப்பது அவள் வேலை. இருபது வருடக் கை.

"ஒவ்வொரு பிளாக்குக்கும் தண்ணி மேல காகிதத்தை இழுத்துப் பொடியை எடுத்துட்டுத்தான் டாக்டர் அடுத்ததை விடறேன். சந்தேகம்னா நீங்களே வந்து வெட்டுங்க. எனக்கு இடுப்பு வலியாச்சும் மிச்சமாகும்."

"மிதவை ஒண்ணு வந்திருக்குடி."

"ஐயோ, பேய்ங்க வெளியே உலவற ஏழாம் மாசத்துல அந்தப் பேரைச் சொல்லாதீங்க! படகுக்காரர் வீட்டுப் பொண்ணுதானே நீங்க?"

ஒரு ஆளின் சதை தொட்டியில் மிதந்து இன்னொரு ஆளின் ஸ்லைடில் ஒட்டிக்கொண்டால் அதற்கு மிதவை என்று பெயர். உலகத்தில் எல்லா லேபிலும் நடப்பதுதான். ஆனால் கீலுங் துறைமுகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் இருந்தது. கடலில் மிதந்து வரும் பிணத்தைக் கண்டுவிட்டால் படகைத் திருப்பிக்கொண்டு போகக் கூடாது. 'நல்ல அண்ணே, வாங்க போலாம்' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, கயிறு கட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, ஒரு சின்னக் கோயிலாவது கட்டிவைக்க வேண்டும். பார்த்தும் பாராதது போல் போனால் அது பின்னாலேயே வரும். பெய்யூவின் அப்பா முப்பது வருடம் படகு ஓட்டியவர், வலையை விட்டுவிட்டுப் பிணத்தை ஏற்றி வந்திருக்கிறார். அவளுக்கு அதெல்லாம் மூடநம்பிக்கை.

"இன்னைக்கு வயித்துப் புத்து ஏதாவது வந்துச்சா?"

"இந்த வாரம் முழுக்க ஒண்ணுகூட இல்ல. வயிறுன்னு பார்த்தா உங்க வயிறுதான் நாளைக்கு வருது."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மாதக்கணக்காகத் தொப்புளுக்கு மேலே ஒரு வலி, எரிச்சலும் இல்லை பசியும் இல்லை, உள்ளே யாரோ விரலால் தட்டுவது போல. நேற்றுதான் குழாய்விட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் உள்தோல் வெளுத்திருக்கிறது என்று கிள்ளி எடுத்திருந்தார்கள். அந்தக் கிள்ளல்கள் இப்போது ஆஜுவின் மெழுகில் உறைந்துகொண்டிருந்தன.

பெய்யூ அடுத்த ஸ்லைடை வைத்தாள். பித்தப்பை. ஓரத்தில் அதே துணுக்கு.

அடுத்தது ஒரு பெண்ணின் முதுகு மச்சம். அதிலும்.

வெளியே கீலுங்கின் நிற்காத மழை ஜன்னல் இல்லாத அந்தக் கீழ்த்தளத்துக்குள் குழாய்களின் வழியே முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது, சைலீனின் தித்திப்பான நெடியும் உருகிய மெழுகின் வாடையும் எப்போதும் போல் மூக்கில் படிந்திருக்க, அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ வெள்ளை மிளகும் செலரியும் போட்டுக் கொதிக்கும் மீன் உருண்டைச் சாற்றின் மணம், யாரோ பாத்திரத்தின் மூடியை மெல்லத் திறந்தது போல எழுந்து வந்தது. லேபுக்குள் யாரும் சாப்பிடுவதில்லை. பெய்யூ தலையைத் தூக்கவில்லை. அந்த மணம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஹோங் பாவ்குய். கோயில் சந்தையில் மீன் உருண்டைக் கடை போட்டிருந்தவள்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவளுடைய வயிற்றுக் கிள்ளல் இதே மேசைக்கு வந்தது. துண்டு சுத்தம், ஓரத்தில் மட்டும் ஒரு துணுக்கு, மோதிர செல்கள். அன்றைய தட்டில் வேறொருவரின் வயிற்றுப் புற்றும் இருந்தது, அதிலிருந்து மிதந்து வந்திருக்கும் என்று பெய்யூ முடிவுகட்டினாள். துணுக்கு யாருடையது என்று மரபணுவை வைத்துச் சொல்லிவிடும் சோதனை அப்போதும் இருந்தது. கேட்கத்தான் வேண்டும். கட்டையை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் அன்று ஆண்டுக் கடைசி விருந்து, மேலே ஆஸ்பத்திரி முழுக்கக் கூடியிருந்தது, குலுக்கல் பரிசு வேறு. 'புற்று இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். ஒரு ஆளைக் கொல்ல அவ்வளவு நேரம் தாராளம்.

சாவதற்கு முன் அந்தப் பெண் சக்கர நாற்காலியில் லேப் வாசலுக்கே வந்துவிட்டாள். தோலும் எலும்புமாக, கையில் இன்னும் மிளகு மணம். கத்தவில்லை, அழவில்லை.

"டாக்டரம்மா, அந்தத் துண்டு என்னோடது இல்லேன்னு எழுதினீங்களாமே?"

"அந்தச் சமயத்துல பார்த்ததை வச்சு..."

"சரி. நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். என்னோடது இல்லேன்னா வேற யாரோடதோ. அவங்ககிட்டயே கொண்டுபோய்ச் சேர்த்துடறேன். அடுத்தவங்க பொருளை வச்சுக்கற பழக்கம் எனக்கு இல்ல."

சொல்லிவிட்டு, வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுப்பது போல் சிரித்தாள். விசாரணை நடந்தது. லேபில் சகஜமாக நேர்வது என்று எழுதி மூடினார்கள். பெய்யூ அன்று நன்றாகத் தூங்கினாள்.

மூன்று ஸ்லைடிலும் துணுக்கைக் கண்டதற்கு மறுநாள் ஆஜு தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது முகம் சரியில்லை.

"டாக்டர், தொட்டித் தண்ணியைக் கொட்டிட்டுப் புதுசா ஊத்தினேன். கத்தியும் புதுசு. ஆனா உங்க பிளாக்கை வெட்டறப்போ..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கரையிலேர்ந்து ஒரு பொடி நகர்ந்து வந்துச்சு. காகிதத்தால எடுத்தேன். திரும்பவும் வந்துச்சு. தண்ணி அசையவே இல்ல டாக்டர்." அவள் மாலை பூசைக்குப் பழம் வாங்க வேண்டும் என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள்.

தன் திசுவைத் தானே பார்க்கக் கூடாது என்பது விதி. விதியை மதிக்கிற நிலையில் பெய்யூ இல்லை. நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டாள். மூன்று துண்டுகள். மூன்றும் சுத்தம். வலது ஓரம், இடது ஓரம், மேலே, கீழே, எங்கும் எந்தத் துணுக்கும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. அந்தச் செத்தவளை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள், வாய்விட்டு. திட்டியதில் ஒரு சுகம் கூட இருந்தது.

அப்புறம் நடுத்துண்டை மீண்டும் பார்த்தாள்.

ஓரத்தில் இல்லைதான். உள்ளே இருந்தது. சுரப்பிகளுக்கு நடுவில், வேரோடு, கொத்தாக. மோதிரங்கள். முதல் பார்வையில் அது அங்கே இல்லை. சத்தியமாக இல்லை.

அடுத்த அறையில் சக்கரம் ஒரு சுற்று சுற்றியது.

ஆஜு போய்விட்டாள்.

இன்னொரு சுற்று. நிதானமாக. மெழுகைச் சீவும் ஓசை. பிறகு தண்ணீரில் ஏதோ வைக்கப்படும் மிக மெல்லிய ஒலி. மிளகு மணம்.

பெய்யூ எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ஸ்லைடைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு படியேறி ஓடினாள்.

அதற்குப் பிறகு அவள் செய்யாத சோதனை இல்லை. உடன் வேலை பார்க்கும் டாக்டர் வெய் அவளைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல பையன். துணுக்கைச் சுரண்டி மரபணுச் சோதனைக்கு அவனே அனுப்பினான். முடிவு வந்ததும் இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையோடு சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, விருந்து வைங்க! சுத்தியிருக்கற சதை உங்களோடது. அந்தத் துணுக்கு மட்டும் வேற ஆளு. யாருன்னு ஒப்பிட்டுப் பார்த்தா, ஹோங் பாவ்குய்னு பழைய நோயாளி. செத்துப்போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"அது உள்ள வேர் விட்டிருக்கு வெய். கண்ணால பார்த்தேல்ல?"

"மெழுகு ஊத்தறப்பவே உள்ள புகுந்திருக்கும். அந்தம்மாவோட பொடி எங்கயோ மெஷின்ல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. எல்லாத்தையும் கழட்டிக் கழுவச் சொல்லிட்டேன்."

"திரும்பக் குழாய் விட்டு எடுக்கச் சொல்லு."

எடுத்தார்கள். மறுபடியும் உள்ளே, இன்னும் பெரிதாக. மறுபடியும் ஹோங் பாவ்குய். தைபேயில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே கிள்ளக் கொடுத்தாள். அங்கே அது சமர்த்தாக ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. உங்கள் துண்டு சுத்தம், ஓரத்தில் பிறருடையது ஒன்று ஒட்டியிருக்கிறது, கவலை வேண்டாம் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தத் துணுக்குக்கு அவளுடைய தொழில் முழுக்கத் தெரிந்திருந்தது.

பெய்யூவுக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சி இறங்கவில்லை. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டாள். ஒரு நாள் அறுவை டாக்டரிடம் போய் வயிற்றை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் வெய்யைக் கூப்பிட்டுவிட்டார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாததா?" வெய் அவள் தோளில் கைவைத்தான். குரலில் உண்மையான பரிவு. "சோதனையே சொல்லுது, அது உங்களோடது இல்லேன்னு. அடுத்தவங்க புத்துக்காக உங்க வயித்தை யாரு வெட்டுவாங்க? ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல. அந்தம்மா விஷயம் உங்க மனசை அரிக்குது, அவ்வளவுதான். லீவு போட்டுட்டு எங்கயாவது வெந்நீர் ஊற்றுப் பக்கம் போயிட்டு வாங்க."

"என்னோடதுதான் வெய். எழுதிடு. என்னோடதுன்னு எழுதிடு."

"எப்படிக்கா எழுதறது? பொய்யாயிடுமே." அவன் பேனாவை எடுத்தான். "மிதவைன்னு போட்டுட்டேன். புத்து இல்ல. நிம்மதியாப் போங்க."

கையெழுத்துப் போட அவனுக்கும் ஒரு நொடிதான் ஆயிற்று.

மழை பெய்துகொண்டிருந்த அந்தப் பிற்பகலில், எல்லோரும் பேய் மாதத்தின் கடைசிப் பூசைக்காக ஆஸ்பத்திரி வாசலில் மேசை போட்டு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, பெய்யூ கீழே இறங்கினாள். ஏன் இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மன்னிப்புக் கேட்கலாம் என்றுகூட நினைத்திருக்கலாம். நல்ல அக்கா, வாங்க போலாம் என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். காலம் கடந்து கூப்பிட்டால் யார் வருவார்கள்? பாவ்குய்தான் ஏற்கெனவே வந்து சேர்ந்தாயிற்றே.

மேசையில் அவளுடைய ஸ்லைடு தயாராக வைக்கப்பட்டிருந்தது. விளக்கு எரிந்தது. வைத்தது யார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

குனிந்தாள்.

இளஞ்சிவப்பு. ஊதா. மோதிரங்கள், பார்வை போகும் தூரம் வரை மோதிரங்கள். சுரப்பி ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாக் கருக்களும் ஓரமாக ஒதுங்கியிருந்தன, எப்போதும் போல.

ஸ்லைடை நகர்த்தினாள்.

கருக்கள் நகர்ந்தன.

செத்த சதை. மருந்தில் ஊறவைத்து, மெழுகேற்றி, சீவி, சாயம் போட்டது. நகராது. நகரவே நகராது.

ஓரத்திலிருந்து மெல்ல, ஒன்று. பிறகு பக்கத்தில் இருந்தது. பிறகு எல்லாம். ஒவ்வொரு வெள்ளை வட்டத்தின் நடுவுக்கும் ஒரு கறுப்புப் புள்ளி வந்து நின்றது. ஆயிரம் இருக்கும். கண்ணாடிக்கு அடியிலிருந்து நேராக மேலே. அவளை.

கண்ணை எடுக்க முடியவில்லை.

மிளகு மணம். பின்கழுத்தில் சூடான மூச்சு.

ஸ்லைடில் இப்போது எதுவும் அசையவில்லை. அவை பார்த்துக்கொண்டே இருந்தன, இமைக்காமல்.

அவள் வயிற்றுக்குள், ஒவ்வொன்றாக, இமைத்தன.