புல்லரிப்புக் கணக்கு

நடுவர்கள் கையை நீட்டி, "புல்லரிக்குது பாருங்க" என்று அளந்துவிட்ட காலம் மலையேறிவிட்டது. 'இசைமகுடம்' போட்டியில் இப்போது நடுவரும் இல்லை, வாக்கும் இல்லை. வீட்டுக்கு வீடு மணிக்கட்டில் புல்லரிப்புமானி கட்டியிருக்கிறார்கள். ரோமம் சிலிர்த்தால் அது பதிவு செய்யும். அதிகம் சிலிர்க்க வைத்தவருக்கே மகுடம். கூலிக்கு ஓட்டுக் குத்திய இணையப் படைகளை ஒழிக்க வந்த கருவி அது. தோல் பொய் சொல்லாது என்று எல்லாரும் நம்பினார்கள்.

மணப்பாட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து வந்த ஜெரினும் நம்பினாள். இறுதிச் சுற்றுக்கு அவள் எடுத்தது முருகன்மேல் ஒரு காவடிச்சிந்து. வருடாவருடம் அவள் வீட்டு வாசலில் மோர் குடித்துவிட்டுத் திருச்செந்தூருக்கு நடக்கும் கூட்டத்திடம் கற்றது. அவ்வளவுதான், இணையம் பற்றிக்கொண்டது. வேதக்காரப் பெண் வேலனைப் பாடுவதா என்று 'மரபுக் காவல்' என்ற இணையக் குழு கொதித்தது. பாடியே தீரவேண்டும் என்று 'சமத்துவ அலை' தொடை தட்டியது. அவள் முருகனைக் கேலி செய்வதாக ஒரு தரப்பு பொய்க்காணொளி செய்து பரப்பியது. அவளை யாரோ அடித்ததாக மறு தரப்பும் ஒன்று செய்தது. இத்தனைக்கும் இரு தரப்பிலும் ஒருவர்கூட அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மாதான் தொலைபேசியில் அழுதாள். "ஏட்டி, நமக்கெதுக்கு வம்பு? மாதா பாட்டு ஒண்ணப் பாடிட்டு வந்துரு."

"ஒரு தடவ கேட்டாங்கன்னா போதும்மா. அதுக்கப்புறம் சண்ட இருக்காது," என்றாள் ஜெரின்.

பாடினாள். உயிரைக் கொடுத்துப் பாடினாள். போட்டி தொடங்கிய நாளிலிருந்து யாரும் வாங்காத புள்ளிகள், மகுடம் அவளுக்குத்தான். அதைத் தலையில் வைத்தபடியே மேடைக்குப் பின்னால் ஓடினாள். மானியைக் கண்காணிக்கும் பொறியாளர் வேதரத்தினம் அங்கே திரைமுன் உட்கார்ந்திருந்தார்.

"எந்த வரியில சார் சிலிர்த்துச்சு?"

அவர் தயங்கித் திரையைத் திருப்பினார். பாட்டுக்கு முன்னால் அவள் பெயரை அறிவித்தபோதே கோடு உச்சிக்குப் போயிருந்தது.

"கோபம் வந்தாலும் ரோமம் சிலிர்க்கும்மா. மானிக்கு அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. நீங்க வாயைத் திறந்ததும் முக்கால்வாசி வீட்டுல சத்தத்தை அணைச்சுட்டாங்க, டிவிப் பெட்டி காட்டுது. ரெண்டு பக்கமும் பதிவு எழுத உக்காந்துட்டாங்க. அடுத்த வருஷம் பாட்டைக் குறைச்சு அறிமுகத்தை நீட்டச் சொல்லி மேலிடத்துல இப்பவே உத்தரவு."

ஜெரின் திரையருகே குனிந்தாள். "கடைசிவரைக்கும் யாருமே கேக்கலையா?"

"கேட்டாங்க. ஒரு நாலாயிரம் வீடு இருக்கும்."

"அவங்களுக்குச் சிலிர்த்துச்சா சார்?"

"தெரியாதும்மா. பாட்டுல மூழ்கினா மானி கையில உறுத்தும்போல, நடுவுலயே கழட்டி வச்சுட்டாங்க. கழட்டினவங்க எங்க கணக்குல வர்றதில்ல."