மலையண்ணனின் வலக்கை

மூன்றாம் வளைவுக்கு மேலே எஞ்சின் சத்தம் நின்றுபோனது.

அர்த்தனாரி வாய்வரை கொண்டுபோன தயிர்ச்சோற்றை டப்பாவிலேயே போட்டார். மலையிறக்கத்தில் லாரியின் சத்தம் கூடினால் பயமில்லை; கியர் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சத்தம் நின்றால்தான் ஆபத்து. யாரோ நியூட்ரலில் தள்ளிவிட்டு, சும்மா உருளவிட்டு வருகிறான்.

"சோள லோடு. இருபத்திரண்டு டன். வேகம் எழுபதைத் தாண்டிவிட்டது. பிரேக்கில் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது" என்றது மலையண்ணன். வளைவுக்கு வளைவு கம்பத்தில் பொருத்தியிருந்த சரிவுக்கண்கள் அதற்கு எல்லாவற்றையும் காட்டிவிடும். ஆனால் காட்டினால் போதாது. முப்பதடி உயர இயந்திரம் நடுரோட்டில் தானாக எழுந்து நிற்கக் கூடாது, ஒரு மனிதன் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அப்படிச் சொல்வதற்காகவே ஒவ்வொரு எழுவண்டிக்கும் ஓர் உடனாள். ஊசிக்கணவாயின் எழுவண்டியான மலையண்ணனுக்கு நான்கு வருடமாக அர்த்தனாரிதான் உடனாள்.

"எழு" என்றார்.

அவர் உட்கார்ந்திருந்த கேபின் மேலே போகத் தொடங்கியது. பின்சக்கரங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, கால்களாகித் தாரில் ஊன்றின. பக்கப்பலகைகள் மடங்கித் தோளாயின. லாரியின் இருபுறமும் ஒட்டிக்கிடந்த கைகளை நெம்புத்தசைகள் எண்ணெய் உறிஞ்சும் ஒலியோடு விரித்தன. எல்லாம் ஏழே நொடி. ஓரமாக நின்றிருந்த சிவப்பு லாரி இப்போது இரண்டு காலில் நின்றது. அதன் மார்பில், கண்ணாடிக்குப் பின்னால், சோற்றுக்கையோடு அர்த்தனாரி.

சோள லாரி வளைவில் திரும்பியதும் அவருக்கு முகப்பலகை தெரிந்தது. தெரிந்த பலகை. தங்கை தனபாக்கியத்தின் வீட்டுக்காரன் வையாபுரியின் வண்டி.

மலையண்ணன் ஒரு காலைப் பின்னால் ஊன்றிக் குனிந்து, லாரியை முன்பக்கம் இரண்டு கையாலும் ஏந்தியது. தார் உரிந்தது. பதினைந்தடி பின்னால் சறுக்கியது. பாறைத் தடுப்பில் முட்டி நின்றபோது, வலது முழங்கைக்குக் கீழே ஏதோ வெடித்து, முன்கை முழுவதும் பிய்ந்து பள்ளத்தில் உருண்டது. மூட்டைகள் கிழிந்து சாலையெங்கும் மஞ்சளாகச் சோளம்.

வையாபுரி இறங்கி, தன் உடம்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மேலே நிமிர்ந்து கத்தினான்: "மச்சான்! ஹெட்லைட்டு கூட ஒடையலீங்க!"

"நியூட்ரல்ல வந்தியா?"

"எங்கீங்க... கியரு தன்னால கழண்டுக்கிச்சுங்க."

"ஊர்ல எவனுக்கும் கழலாத கியரு உனக்கு மட்டும் தன்னால கழலுது. ஏன் மாப்ள, அதுக்கு உன்னையப் புடிக்கலையா?"

வையாபுரி சிரித்தான். கூடியிருந்த மற்ற டிரைவர்களும் சிரித்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்தக் கியர் கழலும். இறக்கத்தில் டீசலைச் செலவழிப்பவன் டிரைவரே இல்லை என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. சரிவு இழுத்துக்கொண்டு போகும்போது எஞ்சினுக்கு எதற்குத் தீனி? அர்த்தனாரியும் இருபது வருடம் அப்படி ஓட்டியவர்தான். ஆனால் அவர் காலத்தில் கீழே பிடிக்க யாரும் இல்லாததால், அடுத்த வளைவு வந்ததும் எல்லோருமே கியருக்குத் திரும்பிவிடுவார்கள்.

பள்ளத்தில் கிடந்த கையைக் கிரேன் வைத்து எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். புதிதாக வார்த்துத் தர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

அந்த இரண்டு மாதமும் மலையண்ணன் நான்காம் வளைவின் ஓரத்தில் எழுந்து நின்றபடியே இருந்தது. ஒரு கை இல்லாமல் லாரியாக மடங்கினால் எடை ஒருபக்கம் சாய்ந்தது. முழங்கையிலிருந்து கேபிள்கள் குடல்போலத் தொங்கின. மேலிருந்து இறங்குகிற ஒவ்வொருவனும் அதைப் பார்த்தான். பார்த்தவன் கை தானாகக் கியருக்குப் போனது. கணவாய் முழுக்க இரண்டாம் கியரின் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அர்த்தனாரிக்கு 'எழு' என்று சொல்லும் வேலை இல்லை. பகல் முழுவதும் கேபினில் உட்கார்ந்து அந்த உறுமலைக் கேட்பார். மலையண்ணனும் பேசாது. ஏதோ ஒன்று சரியில்லை என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அது என்னவென்றுதான் பிடிபடவில்லை.

ஐம்பதாவது நாள் அதுவே வாயைத் திறந்தது.

"நான் வந்த முதல் வருடம் பதினொரு முறை எழுந்தேன். இரண்டாம் வருடம் பத்தொன்பது. போன வருடம் முப்பத்துநான்கு. கை போன பிறகு ஒருமுறைகூட இல்லை."

"தெரியும்."

"எனக்குத் தெரிய வேண்டியது வேறு. முன்னால் இந்த வேலையை நான்தான் உண்டாக்கிக்கொண்டிருந்தேனா?"

அர்த்தனாரி கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். கீழே ஒரு முட்டை லாரி, கல்யாணப் பெண்போல அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தது.

புதுக் கை வந்து இறங்கிய அன்று, அதைப் பொருத்திவிட்டுத் தொழிற்சாலை ஆட்கள் போன பிறகு, அவர் ஒரு பழைய தார்ப்பாயை எடுத்தார். முழங்கையிலிருந்து விரல்வரை சுற்றினார். மேலே கயிறு கட்டி, கழற்றிப்போட்ட பழைய கேபிள்களை எடுத்து முன்புபோலவே தொங்கவிட்டார்.

"இது பொய்யா?" என்றது மலையண்ணன்.

"கேட்டாங்கன்னா நான் என்ன சொல்றேன்னு பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணு."

யாரும் கேட்கவில்லை. வேலை இழுத்துக்கொண்டே போகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். மேலும் இரண்டு மாதம் ஓடியது. தனபாக்கியம் ஒருநாள் ராகிக் களியும் குழம்பும் கொண்டுவந்து, மலையண்ணனின் காலடியில் நின்று, தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தாள். "பாவம்ணா. ஆனா ஒண்ணு. இது நொண்டியானதுக்கு அப்பறந்தான் நான் நிம்மதியாத் தூங்குறேன். அவரு இப்பல்லாம் அரைமணி நேரம் லேட்டா வர்றாரு. வரட்டும். லேட்டா வரட்டும்."

பிறகு, ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, பேருந்து வந்தது.

அந்த டிரைவரிடம் ஒரு குற்றமும் இல்லை. முதல் கியரிலேயே வந்தவர். இரண்டாம் வளைவில் பிரேக் குழாய் வெடித்தது. அடுத்து கியர்ப்பெட்டியில் எதுவோ உடைந்தது. சரிவுக்கண்ணில் அர்த்தனாரி உள்ளே இருந்தவர்களைப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றவர்கள், குழந்தையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிய ஒரு பெண்.

"நாற்பத்து மூன்று பேர். இடது கையால் மட்டும் பிடித்தால் பேருந்து பள்ளத்தின் பக்கம் திரும்பும்" என்றது மலையண்ணன்.

"ரெண்டு கையாலயும் புடி."

தார்ப்பாய் கிழிந்து காற்றில் பறந்தது. புதுக் கை வெயிலில் பளபளத்தது.

நாற்பத்து மூன்று பேரும் தங்கள் காலிலேயே இறங்கி நடந்தார்கள். அரைமணி நேரத்தில் கணவாய் முழுக்கக் கூட்டம். தேங்காய்கள் உடைந்தன. யாரோ ரோஜாமாலை ஒன்றை மலையண்ணனின் கணுக்காலில் சுற்றினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வையாபுரி வந்தான். அவன் முகத்தில் மகிழ்ச்சியும் கோபமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"மச்சான், கை எப்ப வந்துச்சுங்க?"

"வந்து கொஞ்ச நாளாச்சு."

"கொஞ்ச நாளுன்னா?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா!" வையாபுரி சுற்றியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டுக்கிட்டீங்களா? கையக் கோணிக்குள்ள போட்டு வெச்சுக்கிட்டு, நம்மள எல்லாம் நத்தையாட்டம் ஊரவிட்டுருக்காரு எங்க மச்சான். சொந்தத் தங்கச்சி புருசனுக்கே!"

"உசுரோட இருக்கியல்ல?"

"அதுக்குத்தான அண்ணன் இருக்காரு!" என்றான் வையாபுரி, மலையண்ணனைக் காட்டி. கூட்டம் கைதட்டியது. யாருக்குக் கைதட்டினார்கள் என்று அர்த்தனாரிக்குத் தெரியவில்லை.

மறுநாளே உறுமல் குறைந்தது. அடுத்த வாரத்தில் கணவாய் பழைய அமைதிக்கு வந்துவிட்டது. சத்தம் போடாமல் வளைவில் வழுக்கி வருகிற லாரிகள். மூன்று நாளில் இரண்டு முறை எழ வேண்டியிருந்தது. டிரைவர்கள் சங்கத்தில் கூட்டம் போட்டு ஒரு முடிவும் எடுத்தார்கள். அதை வையாபுரிதான் வந்து பெருமையாகச் சொன்னான். மலையண்ணனுக்கு இன்னும் இரண்டு கை வைக்கப் போகிறார்களாம். "நாலு கை மச்சான்! சாமி மாதிரி!"

அவன் போன பிறகு மலையண்ணன் சொன்னது: "இரண்டு கைக்கே இப்படி."

அன்று மத்தியானம் தனபாக்கியம் போன் செய்தாள்.

"அண்ணா, அந்தக் கையக் கழட்டிப் போட்டுற முடியாதா?"

"கழட்டலாம். மறுபடியும் ஒரு பஸ்ஸு வந்தா என்ன பண்றது, பாக்கியம்?"

அவள் யோசித்தாள். "எனக்கு பஸ்ஸு கணக்கெல்லாம் தெரியாதுண்ணா. எனக்கு இருக்கறது ஒரு லாரிதான்."

போனை வைத்துவிட்டு அர்த்தனாரி கேபினில் அசையாமல் இருந்தார். பேருந்தில் இருந்த நாற்பத்து மூன்று பேருக்கும் முகம் உண்டு. அவர் பார்த்திருக்கிறார். அந்த நான்கு மாதத்தில் விழாமல் போனவர்கள் யார்? அவர்களுக்கு முகமில்லை. தாங்கள் பிழைத்தது அவர்களுக்கே தெரியாது. தேங்காய் உடைக்க மாட்டார்கள். அப்படி ஒரு கூட்டம் எங்கோ கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டும், பிள்ளையைத் திட்டிக்கொண்டும் இருக்கிறது.

"கழட்டிடலாமா?" என்றார்.

"உங்கள் சொல்."

"உன்னையக் கேக்கறேன்."

மலையண்ணன் நெடுநேரம் பேசவில்லை. அது கணக்குப் போடுகிற இயந்திரம். எந்தக் கணக்குக்கும் அதற்கு ஒரு நொடி போதும். இந்தத் தாமதம் கணக்கினால் வந்ததல்ல என்று அவருக்குப் புரிந்தது.

"கீழே விழுகிறவனைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியாது. என்னை அப்படிச் செய்திருக்கிறார்கள். கையே இல்லையென்றால் நிற்க முடியும்" என்றது.

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். லாரியாக மடங்கி நின்ற மலையண்ணனின் வலப்பக்க ஏணியில் ஏறி, முழங்கை மூட்டுக்கு வந்தார். எட்டு போல்ட். முதல் போல்ட் இறுகிப்போயிருந்தது. உடம்பின் எடையைப் போட்டுத் திருப்பினார். இரண்டாவது சுலபமாக வந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை கனத்துத் தொங்கியது. வெயில் முதுகைச் சுட்டது. நாளைக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும், திட்டட்டும், சங்கத்தில் தீர்மானம் போட்டு வேலையை விட்டுத் துரத்தட்டும். ஆறாவது போல்ட்டில் ஸ்பானரை வைத்தார்.

மேலே எஞ்சின் சத்தம் நின்றது.

"அர்த்தனாரி" என்றது மலையண்ணன். அது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல்முறை. "சோள லோடு. இருபத்து மூன்று டன். பிரேக்கில் காற்று இல்லை."

யாருடைய வண்டி என்று அது சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஏணியிலிருந்து குதித்தபோது கணுக்கால் மடங்கியது. "ஒரு கை போதுமா?"

"போதாது."

"அந்தக் கை தாங்குமா?"

"மூன்று போல்ட்டில் தாங்குமா என்று யாரும் சோதித்ததில்லை."

'வேண்டாம்' என்று சொல்லலாம். அவன் செத்தால், இந்தக் கணவாயில் பத்து வருடத்துக்கு ஒருவனும் நியூட்ரலில் வரமாட்டான். அந்த எண்ணம் மின்னல்போல வந்து போனது. வந்ததற்காக அவர் தன்னையே வெறுத்தார். பிறகு வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது.

"எழு!"

நான்கு வருடத்தில் அவர் மலையண்ணன் எழுவதை வெளியே நின்று பார்த்ததில்லை. எப்போதும் அதன் மார்புக்குள் இருந்தவர். இப்போது சாலையோரத்தில், புழுதியில், அதன் நிழல் தன்மேல் ஏறி வளர்வதைப் பார்த்தார். சக்கரங்கள் பிரிந்தன, தோள் விரிந்தது, கைகள் நீண்டன. வலது முன்கை மூட்டில் ஒரு விரற்கடை ஆடியது. கீழே நின்று பார்த்தால்தான் அது தெரியும். மேலிருந்து வருகிறவனுக்குத் தெரியாது.

அவர் சாலை நடுவுக்கு ஓடினார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டினார். "கியரப் போடுறா! மாப்ள, கியரு! கியரு!"

லாரி வளைவில் திரும்பியது. சத்தமே இல்லை, டயர்கள் தாரில் சீறுகிற ஒலி மட்டும். கண்ணாடிக்குப் பின்னால் வையாபுரியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. முதலில் அதில் பயம் இருந்தது. அர்த்தனாரி அதைப் பார்த்தார். இன்னும் ஒரு நொடி அந்தப் பயம் இருந்திருந்தால் அவன் கை கியரைத் தேடியிருக்கும். அதற்குள் வையாபுரி நிமிர்ந்து பார்த்தான். வெயிலில் விரிந்து நின்ற இரண்டு கைகளையும் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. ஸ்டியரிங்கிலிருந்து தன் இரண்டு கைகளையும் எடுத்து, நெஞ்சுக்கு நேரே குவித்து, மலையண்ணனைக் கும்பிட்டான்.