நெற்றியில் வைத்த ஓட்டைக் காசு

செத்தவர்கள் யாருக்கும் தன்மேல் கோபமில்லை என்பதைப் புனிதன் எந்தச் சபையிலும் நிரூபிக்கத் தயாராக இருந்தான். மங்கோலியர் சீனாவை ஆண்ட காலத்து வெண்கலக் காசுகளைச் சேர்ப்பவன் அவன். எழுநூறு வருடங்களுக்கு முன் மண்டையைப் போட்டவர்களின் சில்லறை அவனுடைய தானா ராத்தா மலையூர் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. உடையவர் ஒருவர்கூட வந்து கேட்டதில்லை. இதற்குமேல் ஆதாரம் கேட்பவன் அறிவியலையே சந்தேகிக்கிறவன் என்பது அவனது முடிவு.

ஆகவே ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது அவன் பயப்படவில்லை. குளிர்ந்தது, அவ்வளவுதான். மதியம் சாய்ந்த நேரம். மூடுபனி தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக விழுங்கியபடி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி வீட்டு வாசலில் விக்னேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் ராஜு போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வடிகால் வெட்டும்போது மண் சரிந்து மூடி, மூச்சு முட்டிச் செத்தவன்.

அவளுடைய வலது கட்டைவிரல் எதையோ அழுத்திப் பிடித்திருந்தது. நகம் வெளுத்திருந்தது.

"போட்டோ அனுப்புன காசு இதானாக்கா?"

"இதான் தம்பி. அவரு வெட்டுன மண்ணுல கெடச்சது."

"விரல எடுங்க. காசு பறந்தா போயிரும்?"

அவள் எடுக்கவில்லை.

"நெத்திக்காசு வைக்க வீட்டுல ஒத்த காசு இல்ல தம்பி. எல்லாருக்கும் போன்லதான பணம். மண்ணு சரிஞ்சு ரோடும் அடைச்சுக்கிச்சு, கடைக்குப் போக வழியில்ல. அவசரத்துக்கு இதை நெத்தியில ஒட்டிட்டோம். நடுவுல ஓட்டை இருக்கேன்னு ஒருத்தரும் யோசிக்கல."

"இருந்தா என்னவாம்?"

"மூடுன கண்ணு மூடுனதாவே இருக்கணும்னுதான் காசு வைக்கிறது. நாங்க ஓட்டைய விட்டுட்டோம். குழியில எறக்குறப்ப காச எடுத்துட்டோம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது வழியா பாக்குறாரு. யார ரொம்ப நேரம் பாக்குறாரோ அவங்களுக்கு மூச்சு முட்டுது. மொத மாமியாவுக்கு. அவங்களையும் பொதைச்சாச்சு. இப்ப எம் மவளுக்கு."

உள்ளே ஒரு சிறுமியின் மூச்சு, ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் இழுத்தது.

"பிளாஸ்டர் ஒட்டிரலாம்லா," என்றான் புனிதன், மருந்துக்கடைக்காரர் முகபாவத்துடன்.

"ஒட்டினேன். மஞ்சள உருட்டி அடைச்சேன். எல்லாத்தையும் தள்ளிவிட்டுருது. உசுருள்ள வெரல மட்டும் தள்ள மாட்டேங்குது. ஆனா நான் கண்ணசந்தா வெரல் நழுவிருது."

"தூக்கி எறியவேண்டியதுதான?"

"எங்க கெடந்து எந்தப் புள்ளையப் பாக்கும்னு தெரியாதே." அவள் நிமிர்ந்தாள். "எனக்குக் காசு பணம் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க வீட்டுல நோயாளி யாராச்சும் இருக்காங்களா?"

வீட்டில் அப்பா சிங்காரம் இருந்தார். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லாரி ஓட்டியவர். இப்போது நெஞ்சு நோயோடு, ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஆனால் அவள் விரலைச் சுற்றித் தெரிந்தவை சீன எழுத்துகள் அல்ல. மங்கோலிய அரசு தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட சதுர எழுத்துகள். இந்தப் பெரிய காசுக்காகப் புனிதன் வருடக்கணக்காக ஏங்கியிருந்தான்.

"யாருமில்லக்கா," என்றான்.

திரும்பும் வழியெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். கட்டைவிரல் வைத்தியம்! புருஷனை ஒற்றை விரலால் அடக்கிய முதல் பெண்மணி என்று நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் போடவேண்டும்.

வீட்டில் காசைத் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலமாரியில் சாய்த்து வைத்தான். எதிரே அப்பாவின் கட்டில்.

"யார்றா அது?" என்றார் அப்பா.

"நாந்தான்ப்பா."

"நீயில்ல. சேத்துக்காலோட நிக்கிறானே, அவன்."

புனிதன் திரும்பிப் பார்த்தான். அலமாரிதான் இருந்தது. ஆனால் அறையில் வாசம் மாறியிருந்தது. புதிதாக வெட்டிய செம்மண்ணின் வாசம். அதன் அடியில் வாடிய சாமந்தி.

அப்பாவின் மூச்சு இழுக்கத் தொடங்கியது.

ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாயில் அடைப்பில்லை. அவன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். அப்பாவின் உதடு நீலம் பூத்தது. கை அலமாரியை நோக்கி எழுந்து, எதையோ மறைக்கப் பார்ப்பதுபோல் காற்றில் அலைந்தது.

புனிதன் காசை உறையிலிருந்து உருவி ஜன்னலை நோக்கித் தூக்கிப் பிடித்தான்.

ஓட்டை வழியே வெளிச்சம் வரவில்லை.

அந்தச் சதுர ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருட்டு. ஈரமான இருட்டு.

டேப்பை வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டினான். அது ஓரத்திலிருந்து உரியவில்லை. நடுவில் புடைத்தது. புடைத்து, சத்தமில்லாமல் பிய்ந்து விழுந்தது.

இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினான்.

"பாக்குறான்டா," என்றார் அப்பா. அதைச் சொல்லும் அளவுக்குத்தான் அவரிடம் காற்று இருந்தது.

அதற்குப் பிறகு நெஞ்சு ஏறவில்லை.

புனிதன் இழுப்பறையைப் பிடுங்கி இழுத்துத் திறந்தான். காசை எடுத்தான். நல்லவேளை, வாட்ஸாப் குழு இதைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை ஓட்டையின்மேல் வைத்து அழுத்தினான்.

அப்பாவின் நெஞ்சு ஒரு குலுக்கலுடன் காற்றை வாங்கியது. இன்னொன்று. இன்னொன்று. உதட்டில் நிறம் திரும்பியது.

விரலை லேசாகத் தளர்த்திப் பார்த்தான். மூச்சு நின்றது.

மறுபடி அழுத்தினான்.

அதன்பின் தளர்த்திப் பார்க்கவில்லை. நாற்காலியைக் காலால் இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்துகொண்டான். போன் அடித்தது. இடது கையால் எடுத்தான்.

"தம்பி, மவ எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சா," என்றாள் விக்னேஸ்வரி. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு வார்த்தை போதும். அவள் மறுக்கமாட்டாள் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. லயத்தில் கேட்ட அந்தச் சிறுமியின் கிழிபடும் மூச்சு நினைவில் ஒலித்தது.

"சௌக்கியம்க்கா."

"என்னடா கையில?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்லப்பா. தூங்குங்க."

அவர் தூங்கினார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தெருவை மூடிவிட்டிருந்தது. புனிதன் வெளுத்துப்போன தன் நகத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான்.

விரலுக்கு அடியில், ஈரமாக, ஏதோ ஒன்று மெல்ல இமைத்தது.